கம்பு தரையிலேயே இருக்கட்டும்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியுள்ள கடிதத்தின் சுருக்கம்:

"எங்கள் வீட்டு நாய் வீராவுக்கு எட்டு மாதம் ஆகிறது. தாய் லாப்ரடார், தந்தை தெரு நாய். எட்டாம் வகுப்பு முடித்திருக்கும் என் மகள், நாய்கள் தடைகளைத் தாண்டி ஓடும் அஜிலிட்டி போட்டியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, மொட்டை மாடியில் இரண்டு பூந்தொட்டிகளுக்கு நடுவே துடைப்பக் கம்பை முழங்கால் உயரத்தில் கயிற்றால் கட்டி, அவனைத் தாண்டப் பழக்கினாள். விடுமுறை என்பதால் தினமும் மாலை நான்கு மணிக்கு அரை மணி நேரம் பயிற்சி. முதல் வாரம் உற்சாகமாகத் தாண்டியவன், இப்போது கம்பைச் சுற்றிக்கொண்டு போகிறான், அல்லது அதன் முன்னால் உட்கார்ந்து காதைச் சொறிகிறான். மகள் அழுகிறாள். 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்கிறார் என் மாமனார். இணையத்தில் எட்டாயிரம் ரூபாய்க்குத் தடைகள் அடங்கிய ஒரு தொகுப்பு விற்கிறார்கள். வாங்கலாமா? வீரா பிடிவாதக்காரனா, அல்லது இந்த விளையாட்டுக்கே லாயக்கில்லாதவனா?"

அன்புள்ள சகோதரிக்கு,

வீரா பிடிவாதக்காரன் அல்லன். அரிப்பு எதுவும் இல்லாதபோது காதைச் சொறிவது, தூக்கம் வராதபோது கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவையெல்லாம் "எனக்கு இது சங்கடமாக இருக்கிறது" என்று நாய் சொல்லும் முறைகள். அவன் சொல்வதற்கு உங்கள் கடிதத்திலேயே நான்கு காரணங்கள் தென்படுகின்றன: அவனுடைய வயது, கட்டிவைத்த கம்பு, சித்திரை வெயிலில் காய்ந்த மொட்டை மாடி, அரை மணி நேரப் பயிற்சி. இவற்றில் ஏதேனும் ஒன்று போதும், நல்ல நாயும் மறுத்துவிடும்.

வயதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வேலூரில் கால்நடை மருத்துவனான என்னிடம் வரும் நொண்டும் இளம் நாய்களில் பலவற்றுக்கு அவசரமே காரணமாக இருப்பதைப் பார்த்து வருகிறேன். வளரும் நாயின் கால் எலும்புகளின் முனைகளுக்கு அருகே, வளர்ச்சித் தட்டு என்று நாங்கள் அழைக்கும் மென்மையான குருத்தெலும்புப் பகுதி இருக்கும். எலும்பு நீள்வதே அந்த இடத்தில்தான். அது முழுவதும் எலும்பாகி மூடிக்கொள்ளச் சிறிய இன நாய்களுக்குச் சுமார் 9 முதல் 12 மாதங்களும், லாப்ரடார் அளவுள்ள நாய்களுக்கு 12 முதல் 18 மாதங்களும் பிடிக்கும். அதற்குள் திரும்பத் திரும்பக் குதித்து இறங்கினால், உடலின் எடை முழுவதும் முன்னங்கால்களில் மோதும் ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டுகள் அடி வாங்குகின்றன. அவற்றில் காயம் பட்டால் கால் வளைந்தோ நீளம் குறைந்தோ வளரக்கூடும். அதைப் பின்னால் சரிசெய்வது எளிதன்று. நான் பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் என் சொந்த நாயைப் பத்து மாதத்திலேயே திண்ணை மேலிருந்து குதிக்க வைத்து, பார்ப்பவர்கள் பாராட்டுவதைக் கேட்டு மகிழ்ந்தேன். இரண்டு வயதில் அது காலையில் எழுந்திருக்கும்போது முன்னங்காலை ஊன்றத் தயங்கியது. படித்தவனாகிய நானே அதைச் செய்தேன் என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

ஆகவே இன்றைக்கே அந்தக் கயிற்றை அவிழ்த்து, கம்பைத் தரையில் கிடத்திவிடுங்கள். கட்டிய கம்பு இன்னொரு வகையிலும் ஆபத்தானது. போட்டிகளில் வைக்கப்படும் தடைக் கம்பு, நாயின் கால் பட்டவுடன் தானாகக் கீழே விழும்படி ஒரு சிறு தாங்கியின் மேல் சும்மா வைக்கப்பட்டிருக்கும். உங்கள் மாடியில் இருப்பது விழாத கம்பு. வீரா ஒருமுறை அதில் காலை இடித்துக்கொண்டிருந்தால், அதைச் சுற்றிக்கொண்டு போவது அவனுடைய புத்திசாலித்தனமே.

அடுத்தது மாடி. மாலை நான்கு மணிக்கு வெயில் தணிந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும். பகல் முழுவதும் சூடு ஏறிய தளம் அப்படி நினைப்பதில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் நம் பக்கம் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. சுற்றிலும் உள்ள பாறை மலைகள் இருட்டிய பின்பும் அனல் வீசுவதை நாம் அறிவோம். உங்கள் புறங்கையைத் தளத்தில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் அங்கே நாயின் பாதம் படக் கூடாது. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நாக்கின் நுனி அகன்று கரண்டி போல் தொங்கினால், அன்றைய பயிற்சி அந்த நொடியே முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. அது 106-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஈறுகள் அடர் சிவப்பாகி, நடை தள்ளாடினால், குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் ஊற்றி, மின்விசிறிக்கு அடியில் கிடத்தி, தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பயிற்சிக்கு ஏற்ற நேரம் காலை ஆறரைக்கு முன்பு, அல்லது தரை ஆறிய பின் இரவு ஏழுக்கு மேல். சாப்பாடு கொடுத்து இரண்டு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும்.

மாடியில் ஓடு பதித்திருந்தால் அது வழுக்கும். வீட்டுக்குப் பின்னால் மண் தரையோ புல்லோ இருந்தால் அதுவே உத்தமம். கௌண்டன்யா ஆற்று மணலில் ஓட்டலாமே என்று யாராவது சொல்லக்கூடும். ஆழமான உலர் மணலில் கால் புதைந்து புதைந்து எழும்போது தசைநார்கள் மிகவும் இழுபடும், மணலுக்குள் உடைந்த பாட்டில்களும் கிடக்கும். அங்கே கயிற்றில் பிடித்து நடத்திச் செல்லுங்கள், ஓடவிட வேண்டாம்.

பயிற்சியைத் தொடரும் முன் வீராவின் உடலை நீங்களே ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம். விடியற்காலையில் வாசல் தெளித்து, கோலம் போடுவதற்கு முன், அந்த ஈர மண்ணில் அவனை நேர்க்கோட்டில் மெல்ல நடக்கவிட்டு, பதிந்த சுவடுகளைக் குனிந்து பாருங்கள். முன்னங்கால்கள் இரண்டின் தடங்களும் தமக்குள், பின்னங்கால்கள் இரண்டின் தடங்களும் தமக்குள் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒரு பாதத்தின் தடம் மட்டும் மேலோட்டமாக இருந்தாலோ, நகம் இழுபட்ட கோடு தெரிந்தாலோ, அந்தக் காலை அவன் காப்பாற்றி நடக்கிறான் என்று பொருள். பிறகு சற்று வேகமாக ஓடவிட்டுப் பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு பின்னங்கால்களையும் முயல் போலச் சேர்த்து வைத்து ஓடினால், லாப்ரடார் வழி வந்த நாய்களுக்கு வரக்கூடிய ஹிப் டிஸ்பிளேசியா என்ற இடுப்பு மூட்டுக் கோளாறு உள்ளதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இன்னொன்று, விரல்களை அவனுடைய விலாவின் மேல் இலேசாக ஓட்டுங்கள்: எலும்புகள் ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டால் எடை சரி, அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். தாண்டும் நாய்க்குக் கூடுதல் எடையைப் போன்ற பகை வேறில்லை. ஈறு வெளுத்திருந்து, சோர்வும் இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நம் ஊர் நாய்களிடம் அது சாதாரணமாகக் காணப்படுவது, "சோம்பேறி" என்று நாம் பெயர் வைக்கும் பல நாய்களின் இரத்தத்தில் அந்தக் கிருமி இருக்கும்.

இனி விளையாட்டுக்கு வருவோம். அஜிலிட்டி 1978-இல் இலண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், போட்டிகளுக்கு இடையே பார்வையாளர்களுக்குக் காட்டும் ஒரு காட்சியாகத் தொடங்கியது; குதிரைகளைத் தடை தாண்டவைக்கும் போட்டியே அதற்கு முன்மாதிரி. 1980-இல் இங்கிலாந்தின் நாய் வளர்ப்போர் அமைப்பான கென்னல் கிளப் அதை ஒரு போட்டியாக ஏற்றுக்கொண்டது. தாண்டும் கம்புகள், சுரங்கம் போன்ற துணிக் குழாய், கூரை போல இருபுறமும் சாய்ந்த பலகை, உயரமான ஒடுங்கிய நடைபலகை, மேலும் கீழும் ஆடும் சீசாப் பலகை, இடையிடையே வளைந்து செல்ல வேண்டிய 12 கம்பங்கள் ஆகியவற்றை நடுவர் குறித்த வரிசையில், பிழையில்லாமலும் விரைவாகவும் நாய் கடக்க வேண்டும். கழுத்தில் கயிறு இருக்காது. கூட ஓடுபவர் நாயைத் தொடக் கூடாது, தின்பண்டம் காட்டக் கூடாது. குரலும் உடலின் திருப்பமும் மட்டுமே துணை.

நம் பகுதியில் தை, மாசி மாதங்களில் நடக்கும் எருது விடும் விழாவைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் கடிகாரத்தோடுதான் போட்டி. ஆனால் காளை தனியாக, தன் வேகத்தில் ஓடுகிறது. இங்கே நாய் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் ஒரு காதையும் ஓரக்கண்ணையும் தன் மனிதரிடம் வைத்திருக்கிறது. அந்த ஓரக்கண்தான் அஜிலிட்டி. கம்பு அதற்கு ஒரு சாக்கு. உங்கள் மகள் கம்பிலிருந்து தொடங்கிவிட்டாள், தொடங்க வேண்டியது அந்தக் கண்ணிலிருந்து.

இந்த விளையாட்டின் விதிகளே பொறுமையைத்தான் சொல்கின்றன. பன்னாட்டு நாய் வளர்ப்போர் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ-யின் விதிப்படி 18 மாதம் நிறையாத நாய் போட்டியில் இறங்கவே முடியாது. அமெரிக்கக் கென்னல் கிளப் 15 மாதம் என்கிறது. தோள்பட்டை உச்சி வரை 48 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள நாய்கள் எஃப்.சி.ஐ போட்டிகளில் 55 முதல் 60 சென்டிமீட்டர் வரை தாண்ட வேண்டும். 35 சென்டிமீட்டருக்குக் குறைந்தவற்றுக்கு 25 முதல் 30 வரைதான். சாய்வுப் பலகையின் அடிப்பகுதி வேறு நிறத்தில் பூசப்பட்டிருப்பதைக் கைப்பேசியில் கவனித்திருப்பீர்கள். நாயின் ஒரு பாதமாவது அந்த நிறத்தில் பட்டாக வேண்டும். உயரத்திலிருந்து அது பாய்ந்து இறங்கிக் காலை முறித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த விதி அது.

எனவே வீராவுக்கு இன்னும் பத்து மாதம் கையில் இருக்கிறது. அது சும்மா இருக்கும் காலம் அன்று. உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் மனைப்பலகை ஒன்று இருக்கும். அதைத் தரையில் வழுக்காமல் ஒரு சாக்கின் மேல் வையுங்கள். உப்புப் போடாமல் வேகவைத்த கோழிக்கறியை அரை நிலக்கடலை அளவுக்குக் கிள்ளி, உங்கள் மகள் கைக்குள் வைத்துக்கொண்டு, வீராவின் மூக்கருகே காட்டி மனைக்கு மேலாகக் கையை நகர்த்தட்டும். முன்னங்கால் இரண்டும் மனை மேல் ஏறிய கணத்தில் "சபாஷ்" என்று ஒரு சொல், உடனே தின்பண்டம். இரண்டு மூன்று நாளில் மனையைக் கண்டாலே ஓடி வந்து ஏறி நிற்பான். அதன் பிறகு மகள் அவன் முகத்துக்கு எதிரே நின்று, மெதுவாக ஓர் அடி பக்கவாட்டில் நகர வேண்டும். அவளைப் பார்த்தபடியே நிற்க வேண்டுமென்றால், முன்னங்கால்கள் மனையிலேயே இருக்க, பின்னங்கால்களை அவன் மாற்றி வைக்க வேண்டும். அந்த ஒரு பின்னங்கால் நகரும் கணத்தில் மறுபடியும் "சபாஷ்". இதை நேரில் பார்க்கும்போது, "ஓ, எனக்குப் பின்னாலும் இரண்டு கால்கள் இருக்கின்றனவா" என்று நாய் வியப்பது போலவே இருக்கும். பெரும்பாலான நாய்கள் முன்னங்கால் போன வழியில் பின்னங்கால் தானாக வரும் என்றே வாழ்கின்றன. பின்னங்கால் எங்கே இருக்கிறது என்று அறிந்த நாய்தான் பிற்காலத்தில் ஒடுங்கிய பலகையிலிருந்து விழாமல் ஓடும்.

மூங்கில் ஏணியைத் தரையில் படுக்கவைத்து, படிகளுக்கு நடுவே கால் வைத்து மெதுவாக நடக்கப் பழக்குவதும் இதே பலனைத் தரும். நாற்காலிகளை வரிசையாகப் போட்டுப் பழைய புடவையைப் போர்த்தினால் சுரங்கம் தயார். முதல் நாள் ஒரே நாற்காலி, மறுமுனையில் மகளின் முகம் தெரிய வேண்டும். சீசா கீழே இறங்கும்போது எழும் "டம்" என்ற ஒலிக்குத்தான் பல நாய்கள் அஞ்சுகின்றன. ஆகவே பலகைக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஓர் அங்குலம் மட்டும் ஆடும்படி செய்து, அந்த மெல்லிய தட்டலுக்குப் பிறகு தின்பண்டம் கிடைக்கும் என்று காட்டுங்கள். வளைந்து செல்லும் கம்பங்களை ஒரு வயது தாண்டும்வரை தொடவே வேண்டாம். முதுகெலும்பை இருபுறமும் முறுக்கும் பயிற்சி அது.

தரையில் கிடக்கும் கம்பை என்ன செய்வது என்றால், அதன் மேல் அவனை ஓடவிடுங்கள், அவ்வளவுதான். ஆனால் தின்பண்டம் எங்கே விழுகிறது என்பதில் கவனம் வேண்டும். கடந்து வந்தபின் மகளின் கையிலிருந்து கொடுத்தால், அவன் ஒவ்வொரு முறையும் கம்பைத் தாண்டும் முன்பே கையைப் பார்த்துத் தலையைத் திருப்புவான், கால் இடறும். கம்புக்கு அப்பால் நான்கைந்து அடி தள்ளி, அவன் ஓடும் திசையிலேயே எறியுங்கள். பார்வை முன்னோக்கி இருக்கும், உடலும் நேராக இருக்கும். எறிவதற்குத் தின்பண்டத்தைவிட விளையாட்டுப் பொருள் மேல்: உங்கள் ஊரில் கைலிக்கா பஞ்சம்? பழைய கைலியை மூன்றாகக் கிழித்துச் சடை போலப் பின்னி இரு முனையிலும் முடிச்சுப் போட்டால் போதும். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து யாராவது தோல் துண்டு கொண்டுவந்து கொடுத்தால் அதைக் கடிக்கக் கொடுக்காதீர்கள். பதனிட்ட தோலில் குரோமியம் முதலிய இரசாயனங்கள் இருக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம் ஆகியவையும் நாய்க்கு நஞ்சு. கொடுக்கும் தின்பண்டம் ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அந்த அளவைச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள்.

நேரம் மூன்று அல்லது ஐந்து நிமிடம், ஒரு நாளில் இரண்டு முறை. அவன் இன்னும் கேட்கும்போதே நிறுத்த வேண்டும். மகளுக்கு அது போதாமல் இருக்கும். அவளுக்குத் தனியாக ஒரு பயிற்சி தருகிறேன். நாயில்லாமல் அவள் மட்டும் மாடியில் சாக்பீஸால் தடைகளை வரைந்து, எந்த இடத்தில் திரும்புவது, எந்தத் தோளைத் திருப்புவது, எந்தக் கையைக் காட்டுவது என்று நடந்து நடந்து மனப்பாடம் செய்யட்டும். உலகப் போட்டிகளிலும் ஓட்டத்துக்கு முன் போட்டியாளர்கள் நாயில்லாமல் அப்படித்தான் மைதானத்தில் நடந்து பார்க்கிறார்கள். நாய் நம் வார்த்தையைவிட நம் பாதங்களும் தோள்களும் நோக்கும் திசையையே முதலில் நம்பும். வாய் "இங்கே" என்று சொல்ல, பாதம் அங்கே நோக்கினால் அவன் பாதம் காட்டும் பக்கமே போவான்.

உங்கள் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொன்ன பழமொழியை நானும் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் கயிறில்லாமல் திறந்த மைதானத்தில் ஓடும் நாய், அடிப்பவரிடம் திரும்பி வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அடி வாங்கிய நாய் பணியும். மெதுவாக, தாழ்ந்து, தரையை முகர்ந்தபடி பணியும். ஓடாது. அவரை ஒதுக்கிவிடாமல், வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மகள் வீராவைப் பிடித்திருக்க, அவர் இருபதடி தள்ளி நின்று ஒருமுறை மட்டும் பெயர் சொல்லி அழைத்து, ஓடி வந்ததும் கோழித்துண்டு கொடுக்கட்டும். பெரியவர் அழைத்தால் பாய்ந்து வரும் நாயைக் கண்டபின் அவரே பழமொழியை விட்டுவிடுவார் என்பது என் அனுபவம்.

எட்டாயிரம் ரூபாய்த் தொகுப்பு இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் தடுப்பூசிகளை முடித்து, மருத்துவப் பரிசோதனையும் செய்து, மீதியைச் சேமியுங்கள். ஒரு வயதுக்குப் பின் தேவைப்பட்டால், அரை அங்குலத்துக்குச் சற்றுத் தடித்த பி.வி.சி குழாய்களையும் மூட்டுகளையும் வாங்கி, விழும் கம்புள்ள இரண்டு தடைகளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக் கூடாது. விளையாட்டு வேகத்தில் மகளின் கையில் பல் பட்டுவிட்டால், ஊசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடாமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யும் எண்ணம் இருந்தால் எலும்பு வளர்ச்சி முடியும்வரை தள்ளிப்போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். முன்னதாகச் செய்தால் வளர்ச்சித் தட்டுகள் மூடத் தாமதமாகும்.

ஒரு வயதில் கம்பை அவனுடைய முன்னங்கால் மணிக்கட்டு உயரத்துக்கு ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம். பதினைந்து மாதத்துக்குப் பிறகு மூட்டுகளை எக்ஸ்ரேயில் பார்த்து, தட்டுகள் மூடிவிட்டன என்று மருத்துவர் சொன்னபின், இரண்டு வாரத்துக்கு ஓர் அங்குலமாக உயர்த்துங்கள். அந்தச் சமயத்தில் ஒரு பயிற்றுநரிடம் சில நாட்களாவது கற்பது நல்லது. அதற்குச் சென்னை, பெங்களூரு போன்ற பெரிய நகரங்களில்தான் தேட வேண்டியிருக்கும். சேர்வதற்கு முன் நாயில்லாமல் போய் ஒரு வகுப்பைப் பாருங்கள். நாய்களின் வால் எப்படி இருக்கிறது, கழுத்தில் முள் பட்டை ஏதும் இருக்கிறதா என்று பார்த்தாலே பயிற்றுநரைப் பற்றித் தெரிந்துவிடும்.

வைகாசி முதல் நாள் உங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பம்பையும் உடுக்கையும் வெடியும் கூட்டமுமாக இருக்கும் அந்த நாட்களில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். வீராவை உள்ளறையில் மின்விசிறியைப் போட்டு மகளின் அருகே படுக்கவிடுங்கள். ஓசை அடங்கி இரண்டு நாள் ஆனபின், விடியற்காலையில் மனைப்பலகையை எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து, ஈர மண்ணில் பதிந்த அவனுடைய சுவடுகளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். கம்பைத் தாண்டும் படத்தைவிட அதுவே எனக்கு வேண்டும்.